கல்ச்சர் அறையில் சிவப்புப் பொட்டுகள்

ஜூன் 22, ஞாயிறு

ஸ்டெல்லா காலை ரயிலில் பெங்களூர் போனாள். மகளுக்கு ஆகஸ்டில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவதுதான் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் தாய் பெண் வீட்டுக்குப் போகிறாள். உறையூரிலிருந்து கூப்பிடுதூரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று மகளிடம் சொன்னேன். "அங்க நீங்க யாரோடயும் பேசுறதில்லையேப்பா. யாருகிட்டப் போய் நிக்கிறது?" என்றாள்.

கிளம்பும் முன் ஸ்டெல்லா வழக்கமான பரிசோதனையைச் செய்தாள். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து இது நடக்கிறது. கட்டிலில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் கால்விரல்களைத் தொடுவாள். எந்த விரல்? பெருவிரல். இப்ப? அதுக்கு அடுத்தது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். அவள் எப்போதும் பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரலுக்குத்தான் போவாள் என்பதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டேன். பரிசோதனையை ஒழுங்காக வடிவமைக்காவிட்டால் அது பரிசோதிப்பவரின் குறை.

"தினம் கால் பாருங்க. அடிப்பக்கம் தெரியாது, கண்ணாடி வச்சுப் பாருங்க" என்று கைக்கண்ணாடியை பீரோ மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சர்க்கரை வந்தவன் காலில் புண் ஏன் ஆறுவதில்லை என்பதில் என்னைவிட அதிகம் படித்தவன் இந்த ஊரில் கிடையாது. எனக்குக் கண்ணாடி.

ஜூன் 25, புதன்

பேப்பரில் ரங்கமன்னாரின் படம். வெள்ளைக் கோட்டு, கையில் கண்ணாடித் தட்டு, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. ‘சர்க்கரைப் புண்ணுக்குத் திருச்சி டாக்டரின் புதிய தோல்.’ தட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். உள்ளே உயிருள்ள செல் எதுவும் இருந்திருந்தால் காய்ந்து செத்திருக்கும். இன்னாசி என்ற என் பெயர் கடைசிப் பத்தியில் ‘ஆய்வகக் குழுவினர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

நோயாளியின் தொடையிலிருந்து பொட்டளவு தோலை எடுத்து, செல்களைப் பிரித்து, வளர்த்து, கைக்குட்டை போல ஒரு படலமாக உரித்தெடுக்கும் முறை என்னுடையது. கிழியாமல் உரிக்கக் கற்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவன் செய்வதெல்லாம் அதைப் புண்மேல் வைத்துக் கட்டுப்போடுவது. கட்டுப்போட்டவன் இயக்குநராகிவிட்டான். ஒரே ஹாஸ்டலில் என் சோப்பைத் திருடிக் குளித்தவன்.

ஜூன் 27, வெள்ளி

கல்ச்சர் அறையில், அதாவது செல் வளர்க்கும் அறையில், வெளிச் செருப்பு கூடாது. வாசலில் கழற்றிவிட்டு அறைக்கென்றே இருக்கும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். இன்று என் செருப்பு வார் அறுந்தது. ஸ்டோர்ஸில் கேட்டால் புதியதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டுமாம். மன்னார் அறை வாசலில் செருப்பு கேட்டு நான் நிற்க மாட்டேன். மேஜையில் போட்டுவிடும்படி மனு எழுதி அனுப்பிவிட்டேன். வரும்வரை சாக்ஸோடு உள்ளே போவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

என்னிடம் பிஎச்.டி. செய்யும் பெனாசிர், "எங்கிட்ட இன்னொரு ஜோடி இருக்கு சார், போட்டுக்கிறீங்களா?" என்றாள். ரோஸ் நிறம், பூப்போட்டது. என்னைக் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

பெனாசிர் கவர்ஸ்லிப் டப்பாவைக் கல்ச்சர் அறைத் தரையில் போட்டு உடைத்தாள். கவர்ஸ்லிப் என்றால் காகிதம் போன்ற மெல்லிய கண்ணாடிச் சில்லு. உடைந்தால் ஊசி ஊசியாகப் போகும், வெளிச்சத்தில்கூடத் தெரியாது. கூட்டினாள். அவள் கூட்டிய லட்சணம் பிடிக்காமல் விளக்குமாற்றை வாங்கி நானே மறுபடி கூட்டினேன். "சார், சாக்ஸோட நிக்கிறீங்க, தள்ளி நில்லுங்க" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

இடது சாக்ஸ் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மீடியத்தை மிதித்திருப்பேன். செல்களுக்கு ஊற்றும் சிவப்புச் சத்துநீர். அதில் சர்க்கரை உண்டு, காய்ந்தால் பிசுக்கென்று ஒட்டும்.

ஜூலை 9, புதன்

மன்னாரோடு சண்டை. இதை முழுக்க எழுதி வைக்கிறேன்.

எங்கள் படலத்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையல் நடக்கிறது. யாரைச் சேர்க்கலாம், யாரைக் கூடாது என்று விதிகள் எழுதியவன் நான். முக்கிய விதி: புண்ணுக்குள் கம்பியை விட்டால் எலும்பு தட்டக்கூடாது. தட்டினால் எலும்பிலும் சீழ் ஏறிவிட்டது என்று பொருள். அதன்மேல் படலத்தை ஒட்டுவது, ஒழுகும் சுவருக்கு வெள்ளையடிப்பது போல. படலம் அழுகும், படலம் உதவாது என்று ட்ரையலும் சொல்லும், முடிந்தது கதை.

இன்று ஒரு தனியார் பஸ் கண்டக்டர், புதுக்கோட்டை ரூட். முத்துக்கருப்பன். கம்பி எலும்பில் தட்டுகிறது. மன்னார் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான்.

"இள வயசுய்யா. நின்னுக்கிட்டே பாக்குற வேலை. கால் போனா பொழப்பு போச்சு."

"எலும்பு தட்டுதா இல்லையா?"

"லேசா."

"லேசா தட்டுறதுக்குன்னு தனி விதி எழுதலை."

"ட்ரையல்ல சேர்க்க வேணாம். வெளியில வச்சு ஒரு படலம் போட்டுப் பாக்குறேன். குடு."

"பேப்பர்ல இன்னொரு போட்டோ போடவா?"

அவன் போய்விட்டான். நான் சொன்னது சரி. அவனுக்காக ஒரு விதியை வளைத்தால் நாளை இன்னொருவனுக்கு வளைப்பான். ட்ரையல் சுத்தமாக முடிந்தால் நாடு முழுவதும் கால்கள் மிஞ்சும். இதை அவனுக்குப் புரியவைக்க நான் யார், குழுவினரில் ஒருவன்.

ஜூலை 10, வியாழன்

மன்னார் ஆளை அனுப்பிவிட்டான். கண்டக்டரின் மனைவி, பஞ்சவர்ணம் என்று பெயர் சொன்னாள். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"நீங்க சொன்னாத்தான் போடுவாங்களாம் சார்."

விதியை விளக்கினேன். பொறுமையாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த விதிய யாரு சார் எழுதினது?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப அழிச்சு எழுதுங்க."

போங்கம்மா என்றேன். இரவு சாப்பாடு இறங்கவில்லை, ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். இப்படி ஆளை அனுப்பி என்னை வில்லனாக்குவது மன்னாரின் பழைய வேலை.

ஸ்டெல்லா போன். "கால் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன்.

ஜூலை 16, புதன்

கல்ச்சர் அறைத் தரையில் சிவப்புப் பொட்டுகள். என் மேஜையிலிருந்து, செல்களைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் வரை வரிசையாக. ஒரு பாட்டில் மீடியத்தின் விலை இவர்களுக்குத் தெரியுமா? கொட்டியதும் இல்லாமல் துடைக்காமலும் போயிருக்கிறார்கள். கதவில் எழுதி ஒட்டினேன்: ‘மீடியத்தைச் சிந்தியவர் தாமே துடைக்க வேண்டும். இது உங்கள் வீட்டு அடுப்படி அல்ல.’

ஜூலை 18, வெள்ளி

மறுபடியும் பொட்டுகள். எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பெனாசிர் குனிந்து ஈரப்பஞ்சால் ஒன்றைத் துடைத்து, பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், மீடியம் காஞ்சா பழுப்பாகாது."

"ஃபினைலோடு சேர்ந்தால் ஆகும்."

"ஆகுமா சார்?"

"ஆகும்" என்றேன். ஆகுமா என்று தெரியாது. கேட்ட தொனி பிடிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதுகிறேன்.

ஆறாத புண்ணின் ஓரத்தில் ஒரு வகை செல் இருக்கும். அதைப் பற்றியதுதான் என் வாழ்நாள் வேலை. மற்ற செல்கள் பிரிந்து பெருகிப் புண்ணை மூட வேண்டிய இடத்தில் இது பெருகாது. சாகவும் சாகாது. அகலமாகத் தட்டையாகப் பரந்து உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் எரிச்சலூட்டும் நீரைக் கசியவிடும். அதனால் பக்கத்து நல்ல செல்லும் வேலையை நிறுத்தும். ஒரு சாயம் போட்டால் இவை மட்டும் நீலமாகும். மூப்படைந்த செல்கள் என்று என் கட்டுரைகளில் எழுதுகிறேன்.

இன்று அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பெனாசிரும் டேனியலும். அவன் புதிதாகச் சேர்ந்தவன்.

"இன்னைக்கு ப்ளேட்ல எத்தனை ‘சார்’?"

"பாதிக்கு மேல சார்தான்."

"ஒரு சார் இருந்தாலே பத்து பேரு வேலை நிக்குது. எல்லா சாரும் சேர்ந்தா?"

"டிபார்ட்மென்ட் மீட்டிங்."

சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை வெளியே நின்றேன். பிறகு உள்ளே போய், இன்குபேட்டர் கதவைச் சரியாக மூடவில்லை என்று டேனியலைத் திட்டினேன். அது சரியாகத்தான் மூடியிருந்தது.

இவர்கள் பட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். நினைவிருக்கட்டும்.

ஜூலை 24, வியாழன்

முத்துக்கருப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். மன்னார் லிஃப்டில் சொன்னான், மாடி எண்ணைச் சொல்வது போல. படலம் போட்டிருந்தாலும் எடுத்திருக்க வேண்டியிருக்கும் என்றேன். "இருக்கலாம்" என்றான். அந்த ‘லாம்’தான் இவனுடைய விஞ்ஞானம்.

இரண்டு நாளாக உடம்பு லேசாகச் சுடுகிறது. ஊரே காய்ச்சலில் கிடக்கிறது. சர்க்கரை மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெரு முழுக்கக் காவிரிக்குப் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா சித்திரான்னம் கொடுத்தனுப்பினார். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மாலை. அறைக்குள் ஒரு வாடை, அதிகம் பழுத்த பலாப்பழம் மாதிரி. எலி செத்திருக்கும். கட்டிலுக்கடியில் தேடினேன். இல்லை.

இடது ஷூ இறுக்குகிறது. ஆடிக் காற்றில் தோல் காய்ந்து சுருங்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்த வாடை கல்ச்சர் அறையிலும் இருக்கிறது. இது எலி இல்லை. எனக்குத் தெரிந்த வாடை: ஒரு பாக்டீரியா, ஈரத்தில் வளரும், தட்டில் பச்சையாகப் படரும். இன்குபேட்டரில் புகுந்தால் ட்ரையல் நோயாளிகளுக்காக வளரும் படலம் அத்தனையும் போகும். இப்போது உள்ளே வளர்வது ஐந்து பேரின் தோல். மறுபடி அவர்கள் தொடையில் வெட்ட முடியாது.

யாரோ வெளியிலிருந்து இதை அறைக்குள் கொண்டுவருகிறார்கள். மீடியம் சிந்துகிற அதே ஆளாகத்தான் இருக்கும். பிடிக்காமல் விடப்போவதில்லை. உத்தரவு போட்டேன்: ஒவ்வொருவர் கையிலும் மூக்கிலும் அறைச் செருப்பிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்துத் தட்டில் வளர்க்க வேண்டும். தட்டின் அடியில் அவரவர் பெயரின் முதலெழுத்து. வெள்ளிக்கிழமை எல்லாத் தட்டையும் எல்லோர் முன்னாலும் மேஜையில் பரப்ப வேண்டும்.

"யாருன்னு தெரிஞ்சா தனியா கூப்பிட்டுச் சொல்லிக்கலாமே சார்" என்றாள் பெனாசிர்.

"கூடாது. எல்லாருக்கும் தெரியணும்."

எனக்குச் செருப்பு இல்லை. ஆகவே சாக்ஸின் அடிப்பக்கத்தைத் துடைத்துக் கொடுத்தேன். விதி என்றால் எனக்கும்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எல்லோரும் வந்திருந்தார்கள். மன்னாரும் வந்து கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லது, பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மேஜையில் தட்டுகள். கைகள் சுத்தம். மூக்குகளில் வழக்கமானவை. செருப்புகள் எல்லாம் சுத்தம். ஒரு தட்டு குறைந்தது.

"இன்னொண்ணு எங்கே?"

"கீழ விழுந்துடுச்சு சார்" என்றாள் பெனாசிர்.

"எப்போ?"

"காலையில."

"உடைஞ்ச தட்டு எங்கே?"

நான் அவளுடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு தட்டு, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி. பிரித்தேன். கண்ணாடி முழுக்கப் பச்சை. வாடை மூடியைத் தாண்டி வந்தது. திருப்பி எழுத்தைப் பார்க்கும் முன்பே, "யாரை நீ காப்பாத்துறே?" என்று கத்தினேன். அவள் கண் கலங்கிவிட்டது. அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டின் அடியில் ‘இ’. இன்னாசி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

"தட்டு மாறியிருக்கு. திரும்பச் செய்யணும், ஒழுங்கா" என்றேன். மன்னார் மற்றவர்களை வெளியே போகச் சொன்னான். பெனாசிர் போகவில்லை.

"சார், கால காட்டுங்க."

"வெளியே போ."

"என் வாப்பாவுக்கும் சர்க்கரை சார். காட்டுங்க."

அவளை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினேன். மன்னாரிடம், உன் கையெழுத்து வராத ஒரு செருப்பால் வந்தது இது என்றேன். அவன், "எந்தச் செருப்பு?" என்றான். உண்மையிலேயே தெரியாதவன் போலக் கேட்டான். மனு அவன் மேஜைக்கே போகவில்லையாம். நம்பவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பீரோ மேலிருந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேத்தி பிறந்திருக்கிறாள். நல்ல எடை, சுகப்பிரசவம். ஸ்டெல்லாவின் குரல் இருபது வயதுக்காரியின் குரல் போலிருந்தது. எல்லாம் சொல்லி முடித்து, "கால் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

இந்த முறை பொய் இல்லை. வேறொன்றும் சொல்லவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மன்னாரிடம் போனேன். போக நினைக்கவில்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் ஆட்டோ ஏறினேன். பாதி வழியில் குளிர் எடுத்து நடுங்கினேன். ஆட்டோக்காரன் என்னைக் கேட்காமலே வண்டியைத் திருப்பிவிட்டான். சட்டைப் பையில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் என் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டான். இயக்குநரின் வெள்ளைக் கால்சட்டை. பார்த்துக்கொண்டே, "என்னய்யா இது" என்று மெல்லச் சொன்னான். இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தான். நகக்கீற்றைவிடச் சிறிய கண்ணாடிச் சில்லு. கவர்ஸ்லிப்.

பிறகு கம்பி. கம்பி உள்ளே போவது எனக்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. கல்லில் உரசுவது போல ஒரு சின்ன ‘டக்’. இருவருக்கும் கேட்டது.

"லேசா தட்டுது" என்றான்.

"லேசா தட்டுறதுக்குன்னு தனி விதி இல்லை."

"இன்னாசி, கொஞ்சம் வாயை மூடு. ரெண்டு விரலும் அதுக்குப் பின்னால எலும்பும் எடுக்கணும். அங்க சதை இருக்காது. உன் தொடையில தோல் எடுத்து வளர்க்கச் சொல்றேன், பெனாசிர் செய்வா. படலம் போட்டா பாதத்தோட மிச்சமாவது நிக்கலாம். ட்ரையல்ல சேர்க்க வேணாம். வெளியில."

"முத்துக்கருப்பனுக்கு ஏன் வெளியில போடலை?"

"நான் கேட்டேன். நீ குடுக்கலை."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை.

"அப்ப இப்பவும் குடுக்க மாட்டேன்."

"உன் கால்யா இது."

"என் படலமும்தான்."

"கோவத்துல கால வெட்டிக்கிற முதல் ஆள் நீதான்."

கோபம்தான். வேறென்ன இருக்கிறது என்னிடம். ஆனால் விதியும் சரி. எலும்பில் சீழ் இருக்கும்போது ஒட்டினால் அழுகும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. சரி என்பதால் அந்தப் பெண் வாசலில் நின்றது இல்லாமல் போய்விடாது என்பதும் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வார்டு. நாளை ஆபரேஷன். ஸ்டெல்லாவிடம் மன்னார் சொல்லிவிட்டான். அவளைக் கூப்பிட அவனுக்கு யார் உரிமை கொடுத்தது.

மாலையில் தள்ளுநாற்காலியில் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்கள். வழியில் செயற்கைக்கால் அளவெடுக்கும் இடம். பெஞ்சில் முத்துக்கருப்பன், ஒரு காலை நீட்டிக்கொண்டு, இல்லாத காலின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு.

"வாங்க சார். உள்ள தள்ளி உக்காருங்க, இடம் இருக்கு" என்றான், பஸ்ஸில் சொல்வது போலவே. பிறகு என் கட்டைப் பார்த்தான். "நீங்களுமா?"

"ஆமாம்."

"நீங்கதான் எனக்கு வேணாம்னீங்களாமே."

"ஆமாம்."

"உங்களுக்குப் போடுறாங்களா?"

"இல்லை. அதே விதி."

அவன் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு அதுல சந்தோசம் ஒண்ணும் இல்ல சார்" என்றான். "உங்களுக்குப் போட்டிருந்தா கெட்ட கோவம் வந்திருக்கும். இப்ப அதுவும் இல்ல. என்னத்த சொல்ல."

தள்ளுகிறவர் நாற்காலியை நகர்த்திவிட்டார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்க நாற்காலியில் வசதியில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலை பெனாசிர் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினேன். "விரலை எடுத்ததும் குப்பைக்குப் போகும் முன் வாங்கிக்கொள். புண் ஓரத்தில் ஒரு துண்டு, தள்ளி நல்ல தோலில் ஒரு துண்டு. தட்டில் ஒட்டி வை. செல்கள் தாமாக ஊர்ந்து வெளியே வருகிறதா பார்."

"கிருமி இருக்குமே சார். கல்ச்சர் அறையில வைக்கக் கூடாதே."

"தனி இன்குபேட்டரில் வை. இதைக்கூட நான் சொல்லணுமா?"

"திட்டுறீங்க. அப்ப நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டு விரல் இல்லை. அவை இருந்த இடத்தில் அரிக்கிறது. முப்பது வருடம் படித்தும் இதற்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

ஸ்டெல்லா வந்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. பிறந்த குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் என் சாக்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாளாம். ஏன் என்று கேட்டேன். "எரிக்க" என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

வீடு. வெளியே வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பாட்டுச் சத்தம். காவி உடை, வெறுங்கால், தார்ச்சாலை. ஜன்னலை மூடச் சொன்னேன்.

பெனாசிர் வந்து போனில் படம் காட்டினாள். நல்ல தோல் துண்டிலிருந்து செல்கள் வரிசையாக வெளியே வந்து நிரம்பிவிட்டன. புண் ஓரத் துண்டில் ஒரு வேலிபோலச் சுற்றி நிற்கின்றன, அகலமாக, தட்டையாக, நகராமல். சாயம் போட்டிருந்தாள். நீலம், நீலம், நீலம்.

"உங்க பாஷையில சொல்லு. இது எத்தனை சார்?" என்றேன்.

அவள் டேனியலுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொன்னேன். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரையில் எழுத முடியாது என்றேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒரு மூலையைக் காட்டினாள். வேலிக்கு நடுவே ஒடுங்கிய, நீலமாகாத இரண்டு செல்கள். ஒன்று பிரிந்து இரண்டானவை போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"இவங்க ரெண்டு பேரு வேலை பாக்குறாங்க சார்."

"இரண்டு செல் ஒரு முடிவு ஆகாது. மீடியத்தை மாற்றி இன்னும் ஒரு வாரம் பார்" என்றேன்.

போகும்போது ஒரு பையை வைத்துவிட்டுப் போனாள். மன்னார் கொடுத்தனுப்பியது. ரப்பர் செருப்பு, புதிது. இடது கால் செருப்பில் விரல் இல்லாத இடத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறான். என் மனு அவன் மேஜைக்கு வரவில்லை என்பதை இன்னமும் நம்பவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ஸ்டெல்லா கோயிலுக்குப் போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினாள்.

"வலது காலைக் காட்டுங்க."

"காயம் இடது காலில்."

"இடது கால் எனக்குத் தெரியும். இதைக் காட்டுங்க. கண்ணை மூடுங்க."

மூடினேன். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"எந்த விரல்?"

பெருவிரல் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வரிசை எனக்குத் தெரியும். பெருவிரல், அடுத்தது, நடுவிரல். சுண்டுவிரல்வரை ஒரு தவறும் இல்லாமல் சொல்ல முடியும். அவள் எழுந்து சமைக்கப் போய்விடுவாள்.

"எந்த விரல்ங்க?"

"தெரியலை" என்றேன். "தொட்டியா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய கை முழுதாக என் பாதத்தின்மேல் வந்து அமர்ந்திருக்க வேண்டும். அவள் மணிக்கட்டு பட்ட, கணுக்காலுக்கு மேலேதான் சூடு தெரிந்தது.